விட்டிலும் மலையும் தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருக்குர்ஆனின் 101ஆம் அத்தியாயமான அல்காரிஆ நம்மில் பெரும்பாலோருக்கு மனப்பாடம். ஊரில் லெப்பையின் பிரம்புக்கு அஞ்சி ஓதிப் படித்த நாள் முதல் இன்றுவரை தொழுகையில் எத்தனையோ தடவை அதை ஓதியிருக்கிறோம். மொத்தம் 11 வசனங்களே. மூச்சு வாங்காமல் ஓதி முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சிறிய அத்தியாயத்துக்குள் மூன்று பொருள்கள் அடுத்தடுத்து வந்து நிற்பதை நாம் கவனித்ததுண்டா? இறுதி நாளில் மனிதர்கள் எப்படிச் சிதறுவார்கள் என்பதற்கு விட்டில் உவமையாகிறது. உறுதிக்கு உவமையாக நாம் சொல்லும் மலையோ அன்று பஞ்சுபோல் பறக்கும் பொருளாகிறது. அதன் பின்னர் தராசு வருகிறது. யாருடைய தட்டுக் கனத்தது, யாருடைய தட்டு இலேசானது என்பதோடு கணக்கு முடிகிறது.

விட்டில், மலை, தராசு. இம்மூன்றையும் ஓரிடத்தில் வைத்ததன் முழு இரகசியத்தை அல்லாஹு தஆலாவே அறிவான். எனினும் பத்துமலை, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் எனும் இப்பகுதிகளில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இம்மூன்றும் அந்நியமானவையல்ல. விட்டில் நம் கடை விளக்கைச் சுற்றுகிறது. மலை வடக்கே நிற்கிறது. தராசு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே இம்மாதம் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சிந்திப்போம்.

விட்டில்

பூச்சியைப் பற்றி நஸீஹத்தா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் அமைந்த வேதம் நம்முடையது. கொசுவை உதாரணமாகக் காட்டுவதற்குக்கூட இறைவன் வெட்கப்படுவதில்லை என்பது அதன் போதனை. அப்படியிருக்க, விட்டிலிடம் பாடம் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

மஃரிபுக்குப் பின் பத்துமலை அடிவாரத்துக் கடைகளில் விளக்கு ஏற்றியதும் பலவகை விட்டில்கள் வந்து சேரும். அவற்றுள் ஒருவகை இறகை மடக்காது. இரு பக்கமும் தட்டையாக விரித்து, சுவரில் ஒட்டிய மெல்லிய காகிதம்போல் அமர்ந்திருக்கும். உயிர்நூல் வல்லார் இக்குடும்பத்துக்கு இட்ட பெயருக்கு, கிரேக்க மொழியில், ‘மண்ணை அளப்பவை’ என்று பொருள். நாம் இவற்றை அளப்பான் விட்டில் என்று அழைப்போம். உலகில் இவ்வினத்தில் 20,000 வகைகளுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. போர்னியோத் தீவில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் வகைகள் உண்டு.

அளப்பான் என்ற பெயர் விட்டிலுக்கு அதன் புழுவால் வந்தது. மற்ற புழுக்களுக்கு முன்னே மூன்று ஜோடிக் கால்களும், நடுவயிற்றிலிருந்து வால்வரை ஐந்து ஜோடிச் சதைக்கால்களும் இருக்கும். இந்தப் புழுவுக்கோ நடுவயிற்றுக் கால்கள் இல்லை. பின்கோடியில் பெரும்பாலும் இரண்டே ஜோடிகள். எனவே அது ஊர்ந்து செல்ல முடியாது. பின்காலால் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை முன்னே நீட்டுகிறது. முன்கால் பிடித்ததும் பின்பகுதியை இழுத்து முன்காலின் அருகே வைக்கிறது. அப்போது முதுகு வில்லாக வளைகிறது. மறுபடியும் நீட்டுகிறது, மறுபடியும் வளைகிறது. துணிக்கடையில் சாண் போட்டு அளப்பவன் விரல்களைப் போலவே அதன் நடை. மலாய்க்காரர்கள் இதை ‘ஊலாட் ஜெங்கால்’ என்கிறார்கள். ஜெங்கால் என்றால் சாண். தமிழ்நாட்டு உழவர்கள் இப்படி வளைந்து நடக்கும் புழுக்களைக் காவடிப்புழு என்பார்கள். ஆண்டுதோறும் தைப்பூசத்தில் பத்துமலை 272 படிகளில் ஏறும் காவடிகளைப் பார்த்த நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

வணிகர்களே, இந்த நடையில் ஒரு தொழில் இரகசியம் இருக்கிறது. முன்கால் ஊன்றி நிற்கும்வரை இப்புழு பின்காலை விடுவதில்லை. முன்னே பிடிப்புக் கிடைக்காவிட்டால், தலையை இங்குமங்கும் அசைத்துத் தேடும். அப்போதும் பின்பிடி தளராது. நம்மில் எத்தனை பேர் இந்தப் புழுவின் புத்தியோடு இரண்டாவது கடை திறந்திருக்கிறோம்? முதல் கடையின் சரக்குப் பணம் பட்டுவாடா ஆகவில்லை. வேலையாட்களின் சம்பளம் பாக்கி. அதற்குள் வட்டிக்கு வாங்கி அடுத்த தெருவில் பெயர்ப்பலகை மாட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். முன்காலும் ஊன்றவில்லை, பின்காலும் விட்டுப்போயிற்று. கிளையிலிருந்து விழுந்தபின் காற்றின்மேல் குற்றம் சொல்லிப் பயன் என்ன?

கால் குறைவாகப் படைக்கப்பட்ட புழு, இருக்கும் காலுக்குத் தக்க நடையைக் கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் ஓர் அளவோடு படைத்ததாக வேதம் பல இடங்களில் கூறுகிறது. ‘கத்ரு’ என்று ஆலிம்கள் விளக்கும் அந்த அளவு இதுதான்.

இந்த அளவின் நுட்பத்தை வடகோடியில் இன்னும் தெளிவாகக் காணலாம். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வட எல்லையில், துருவ வட்டத்துக்கு அப்பால், பிர்ச் மரக்காடுகள் உள்ளன. குளிர்காலத்தில் அங்கே பல வாரங்கள் சூரியன் உதிப்பதில்லை. அந்த இருட்டிலும் பனியிலும் வாழும் அளப்பான் விட்டில் ஒன்றுண்டு. எபிரிட்டா ஆட்டம்னாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். அது இலையுதிர் காலத்தில் பறந்து, பிர்ச் மரக்கிளையில் முட்டையிட்டு மடிகிறது. முட்டை பனிக்காலம் முழுவதும் மரத்திலேயே கிடக்கிறது. வசந்தத்தில் பிர்ச் மொட்டு அவிழும் தருணத்தில் புழுவும் வெளிவருகிறது. இதற்கும் வடக்கே, கிரீன்லாந்திலும் கனடாவின் துருவத் தீவுகளிலும்கூட ஓர் அளப்பான் வாழ்கிறது. சைக்கோபோரா சபினி என்ற அந்த விட்டிலை வில்லியம் கிர்பி என்ற ஆங்கிலேய அறிஞர் 1824இல் விவரித்து எழுதினார். பாங்கோசை கேட்காத அந்தப் பனிவெளியிலும் படைத்தவனை மறவாத ஓர் உயிர் இருக்கிறது என்று நினைக்கையில் மெய் சிலிர்க்கிறது அல்லவா?

பிர்ச் காட்டு விட்டிலுக்குக் குளிரே வேலியாக இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 36 பாகை அளவில் குளிர் இறங்கினால் முட்டைகள் செத்துவிடும். எனவே மிகக் குளிர்ந்த காற்று தேங்கும் பள்ளத்தாக்கு அடியில் மரங்கள் தப்பித்துக்கொள்ளும். மேட்டில் உள்ளவை தின்னப்படும். ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புழு பெருகும், பின்னர் தானே குறையும். மரத்துக்கும் புழுவுக்கும் இடையே இப்படி ஒரு வரவு செலவுக் கணக்கு காலங்காலமாக நடந்து வருகிறது. சில வேளை வரவை மிஞ்சிச் செலவு ஆவதும் உண்டு. 1960களின் நடுவில் பின்லாந்தின் வடகோடியான உட்ஸ்யோகிப் பகுதியில் புழு அளவு கடந்து பெருகிப் பரந்த பிர்ச் காடுகளை மொட்டையாக்கியது. துளிர்த்த குருத்தைக் கலைமான்கள் மேய்ந்ததால் பல இடங்களில் காடு திரும்பவேயில்லை. அண்மைப் பத்தாண்டுகளில் குளிர்காலம் தன் கடுமையை இழந்து வருகிறது. அதனால், முன்பு குளிருக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த இன்னோர் அளப்பான் விட்டிலும் அந்தக் காடுகளுக்குள் மேலும் வடக்கே பரவி வருகிறது. வேலி சாய்ந்த தோட்டத்தில் மாடு நுழைவதற்கு யாரும் அழைப்பு விடுக்க வேண்டியதில்லை.

மலை

வடநாட்டில் குளிரைத் தேடும் உயிர் வடக்கே போகும். நம் நாட்டில் எங்கே போகும்? வெப்ப நாட்டில் குளிர் மலைமேல் இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய அரைப் பாகை வெப்பம் குறைகிறது. ஆகவே இங்குள்ள விட்டிலுக்கு வடக்கு என்பது மேலே இருக்கிறது.

இது வெறும் ஊகமன்று; நம் நாட்டிலேயே அளந்து பார்த்த உண்மை. சபா மாநிலத்தில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு மலைக்கு 1965ஆம் ஆண்டில் ஒரு குழு சென்றது. ஜெரெமி ஹாலோவே, ஹென்றி பார்லோ ஆகியோர் அதில் இருந்தனர். வெவ்வேறு உயரங்களில் விளக்கு வைத்து, வந்த விட்டில்களைப் பிடித்து, எந்த வகை எந்த உயரத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்தார்கள். 42 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007இல், மற்றொரு குழு அதே மலையில் அந்த அளவையைத் திரும்பச் செய்தது. அதன் முடிவு 2009இல் வெளியாயிற்று. சபாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களோடு, 1965ஆம் ஆண்டுக் குழுவினரான ஹாலோவேயும் பார்லோவும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களாக இடம் பெற்றனர். இதே பார்லோ, தென்கிழக்காசிய விட்டில்களைப் பற்றிய அறிமுக நூல் ஒன்றைக் கோலாலம்பூரில் 1982இல் வெளியிட்டவர்.

கண்டது என்ன? 102 வகை அளப்பான் விட்டில்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. நம் பழைய கணக்கில் சுமார் 220 அடி. கீழே வெப்பம் கூடக்கூட, தமக்கு விதிக்கப்பட்ட குளிரைத் தேடி அவை ஏறியிருக்கின்றன.

இந்த 67 மீட்டரை வியாபாரியின் கண்ணால் பார்ப்போம். 42 ஆண்டுக்கு 67 மீட்டர் என்றால் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம். நாள் ஒன்றுக்குப் பார்த்தால் நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் நிறுத்துப் போடும் ஒரு பச்சரிசியின் நீளம்கூட இல்லை! எந்த நாளிலும் யாரும் அதைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. ஆனால் கூட்டிப் பார்த்தபோது இருபது மாடிக் கட்டடத்தின் உயரம் வருகிறது. மலையோ உயர்வதில்லை. உச்சியில் வாழும் விட்டில் எங்கே ஏறும்? அதற்குமேல் வானம்தான்.

கினபாலு தூரத்து மலை என்று எண்ணாதீர்கள். நம் பத்துமலையைப் பாருங்கள். பத்து என்றால் மலாயில் கல். அந்தச் சுண்ணாம்புக் குன்று ஏறத்தாழ 300 மீட்டர் உயரமே உடையது. முன்பு அதைச் சுற்றிக் காடும் தோட்டமும் இருந்தன. இன்று ஒரு பக்கம் இரண்டாவது வட்ட நெடுஞ்சாலை, மறுபக்கம் குடியிருப்பு, தொழிற்கூடம், 2010இல் வந்த கொமுட்டர் ரயில் நிலையம். குன்றின் ஒரு பகுதியைக் கல்லுடைப்பும் தின்றுவிட்டது. 1980களில்தான் அது நின்றது. வெளிச்சக் கடலின் நடுவே ஒரு தீவாக அந்தக் குன்று நிற்கிறது. அங்குள்ள சமவெளி விட்டிலுக்கு வெப்பம் பொறுக்க முடியாமல் போனால், கெந்திங் மலை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இடையே தொடர்ச்சியாக ஒரு மர நிழல்கூட இல்லை. ஏறுவதற்கு மலை இருந்தும் போவதற்கு வழியில்லாத நிலை அது.

‘நாம் கடைக்காரர்கள்; மலைக்கும் விட்டிலுக்கும் நாம் என்ன செய்தோம்?’ என்று கேட்பவர் உண்டு. ஜவுளி வியாபாரிகள் நன்கறிந்த மான்செஸ்டர் நகரமே அதற்குப் பதில் சொல்லும். மான்செஸ்டர் மல்லை நம் பாட்டன்மார் மூட்டை மூட்டையாக விற்றவர்கள். அந்தத் துணியை நெய்த ஆலைகளின் கரி, சுற்றுப்புற மரங்களையெல்லாம் கறுப்பாக்கியது. அங்கே வெண்ணிறத்தில் கரும்புள்ளி இட்ட ஓர் அளப்பான் விட்டில் உண்டு. கறுத்த மரத்தில் வெள்ளை விட்டில் அமர்ந்தால் பறவையின் கண்ணுக்குத் தப்புமா? 1848இல் மான்செஸ்டரில் ஒரு கறுப்பு விட்டில் பதிவாயிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அந்நகரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கறுப்பாகவே இருந்தன. ஆலையில் வேலை செய்தவனும், துணியை ஏற்றியவனும், கடல் கடந்து விற்றவனும் அந்த விட்டிலை நினைத்ததேயில்லை. எனினும் வியாபாரத்தின் புகை அதன் நிறத்தைத் தொட்டது.

இதில் நமக்கு ஆறுதலும் இருக்கிறது. 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரி குறைந்தது, மரம் வெளுத்தது. வெள்ளை விட்டில் மறுபடியும் பெருகிற்று. கறுப்பு இன்று அரிதாகிவிட்டது. தவறு செய்தவன் தவறை நிறுத்தினால் உலகம் ஆறிக்கொள்கிறது. தௌபாவின் வாசல் அடைபடவில்லை என்பதற்கு மரப்பட்டையில் எழுதிய அத்தாட்சி இது.

தராசு

இப்பொழுது நம் கைக்கு அருகிலிருக்கும் பொருளுக்கு வருவோம்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஓதும்போது ஒன்றைக் கவனியுங்கள். வானம் உயர்த்தப்பட்டதைச் சொன்ன இடத்திலேயே தராசு நிறுவப்பட்டதும் சொல்லப்படுகிறது. அடுத்து, அந்தத் தராசில் வரம்பு மீறாதிருக்கவும், எடையைக் குறைக்காதிருக்கவும் கட்டளை வருகிறது. வானத்தின் ஒழுங்குக்கும் நம் கல்லாப்பெட்டிக்கு அருகில் நிற்கும் கருவிக்கும் ‘மீஸான்’ என்ற ஒரே சொல்!

ஷுஐபு நபி (அலை) அவர்களின் வரலாறும் அப்படித்தான். மத்யன் வாசிகள் நம்மைப் போன்ற வியாபாரிகள். அளவையும் எடையையும் நிறைவாகக் கொடுங்கள், மக்களுக்குரிய பொருளில் குறை வைக்காதீர்கள் என்று உபதேசித்த அதே மூச்சில், சீராக்கப்பட்ட பூமியில் குழப்பம் செய்யாதீர்கள் என்றும் அந்த நபி எச்சரித்தார்கள். எடைக்குறைவு ஒரு பாவம், பூமியைக் கெடுப்பது வேறொரு பாவம் என்று நாம் தனித்தனிப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த நபியோ இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். கிலோவுக்குப் பத்து கிராம் திருடும் மனமும், காட்டில் ஓர் ஓரம், ஆற்றில் ஒரு வாளிக் கழிவு என்று திருடும் மனமும் ஒரே மனம். யாரும் பார்க்கவில்லை, இவ்வளவு சிறியதில் என்ன குறைந்துவிடும் என்பதே இரண்டுக்கும் வேர்.

சிறியதில் என்ன குறையும் என்பதைக் கினபாலு மலைக் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் நாளுக்கு 100 கிலோ சில்லறையாக நிறுக்கப்படுகிறது என்று வையுங்கள். கிலோவுக்குப் பத்து கிராம் குறைத்தால் நாளுக்கு ஒரு கிலோ. ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் 300 கிலோ. அந்த விட்டில்கள் 67 மீட்டர் ஏறிய அதே 42 ஆண்டுகளில் 12,600 கிலோ. ஐம்பது கிலோ சாக்கில் கட்டினால் 252 மூட்டை! நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிட்டிகை, வாழ்நாள் முடிவில் ஒரு கிடங்கு நிறைந்த திருட்டாகிவிடுகிறது. மறுமையில் அந்த 252 மூட்டையையும் முதுகில் சுமந்து நிற்பவன் யார்? குறைத்து நிறுத்த கடைப்பையனா, நிறுக்கச் சொன்ன முதலாளியா, தெரிந்தும் வாய் மூடியிருந்த கூட்டாளியா? மூவருமே அஞ்ச வேண்டும்.

அந்த மூட்டைகள் யாருடையவை என்பதையும் யோசியுங்கள். சாக்குச் சாக்காக வாங்கும் செல்வந்தன் வீட்டிலேயே நிறுத்துப் பார்ப்பான். அவனிடம் நம் விளையாட்டுச் செல்லாது. அரை கிலோ பருப்பும் கால் கிலோ வெங்காயமும் வாங்கும் கூலியாள்தான் இழக்கிறான். வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து, கட்டட வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடும் தொழிலாளிதான் இழக்கிறான். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடம் அழுது மன்னிப்புப் பெறலாம். அடியார்களின் உரிமை, ஹக்குல் இபாது, அப்படியன்று. உரியவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது அவன் பொருந்திக்கொள்ள வேண்டும். டாக்காவுக்கும் காட்மாண்டுவுக்கும் போய், பத்துப் பத்து கிராமாக யாரிடம் திருப்பிக் கொடுப்போம்? கடைசிப் பிரயாணத்துக்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும், சகோதரர்களே!

‘என்ன காக்கா, ஊரில் எல்லாரும் இப்படித்தானே நிறுக்கிறார்கள்? நாம் மட்டும் முழு எடை போட்டால் கடை வாடகையை யார் கொடுப்பது?’ என்று இளைய கூட்டாளி கேட்பதுண்டு. அவர் கஷ்டம் பொய்யல்ல. வாடகை ஏறுகிறது, பேரங்காடிகள் பெருகிவிட்டன, சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. இதையெல்லாம் அறிந்தே சொல்கிறோம். கிலோவுக்குப் பத்து கிராம் என்பது நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்று இல்லாமல் கடை நடக்காதென்றால், விலையில் நூற்றுக்கு ஒன்று ஏற்றி வெளிப்படையாக எழுதி வையுங்கள். விலை வாங்குபவன் கண்ணுக்குத் தெரியும். விரும்பினால் வாங்குவான், விரும்பாவிட்டால் அடுத்த கடைக்குப் போவான். எடைக்குறைவு அவன் கண்ணுக்குத் தெரியாது. விலை ஏற்றுவது வியாபாரம். எடை குறைப்பது களவு. இரண்டுக்கும் இலாபம் ஒன்றே. ஹலாலும் ஹராமும்தான் வேறு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, ஈரத்தை மேலே வைத்து மக்களுக்குக் காட்டியிருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நமக்குத் தெரியும். நிறுப்பவரிடம் தட்டு சற்றே சாயும்படி தாராளமாக நிறுக்கச் சொன்னதும் தெரியும். தெரிந்ததைத் தராசுத் தட்டில் வைப்பதே இனி நம் வேலை.

இன்னொரு பாடமும் உண்டு. 1965இல் விட்டில் பிடித்தவர்கள் உயரத்தைத் தோராயமாக எழுதியிருந்தால், அல்லது தமக்குப் பிடித்த எண்ணைப் போட்டிருந்தால், 2007இல் யாருக்கும் எதுவும் தெரிந்திராது. அவர்கள் நேர்மையாக எழுதி வைத்ததால் மலையின் நோய் வெளிப்பட்டது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! இரண்டு பேரேடு வைத்திருக்கும் கடைக்காரன் தன் நோயைத் தானே மறைத்துக்கொள்கிறான். மறைத்த நோய்க்கு எந்த ஹக்கீமும் மருந்து கொடுக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

பேசிக் கலைவதோடு நில்லாமல், சிலவற்றை இவ்வாரமே தொடங்கலாம்.

முதலாவது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் முதலாளியே தம் கையால் தராசைச் சோதிக்கட்டும். காத்தியும் தாயிலும் போய்க் கிலோ வந்தபின், 1972ஆம் ஆண்டு எடையளவைச் சட்டப்படி வியாபாரத் தராசு பரிசோதித்து முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். அரசாங்கத்தின் முத்திரை சட்டத்துக்கு. அல்லாஹ்வின் அச்சம் நமக்கு. இரண்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, கட்டி வைத்த பொட்டலங்களில் நாலைந்தை எடுத்து மறுபடி நிறுங்கள். பையின் எடையைச் சரக்கின் எடையாகக் கணக்கிடாதீர்கள். கடைப்பையனுக்கு முழு எடை போடும் பழக்கத்தை இப்போதே கற்றுக் கொடுங்கள். அவன்தான் நாளைய முதலாளி.

மூன்றாவது, பழைய குறைவுக்கு ஈடு தேடுங்கள். உரியவர் கிடைத்தால் கொடுத்துப் பொருத்தம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் என்ன வழி என்பதை ஜமாஅத்தின் ஆலிம்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஜக்காத்தாகிய நாற்பதில் ஒன்று நம் சொந்தப் பொருளின் கடமை. பிறர் பொருளை அதில் சேர்த்துக் கணக்கு முடித்துவிட முடியாது.

நான்காவது, பூமியின் தராசிலும் நம் பங்குக்குச் சற்றே கனம் சேர்ப்போம். கடை மூடியபின் வீணாக எரியும் விளக்கை அணைப்போம்; ஒரு சுற்றே போதுமான சரக்குக்கு லாரியை இருமுறை ஓட்டாதிருப்போம்; இடமுள்ளவர் வாசலிலோ தைக்காவிலோ பள்ளிவாசல் வளாகத்திலோ ஒரு மரம் நடுவோம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. இலையைக் கடித்துச் சாண் போட்டு நடக்கும் அந்தப் பச்சைப் புழுவும் நம் கணக்கில் நன்மை எழுதும் என்று நம்புவோம். வாடகையும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். இதைவிட இலாபமான கொள்முதல் எது?

பெருமக்களே! வடகோடிப் பனியில் முட்டையாகக் கிடக்கும் விட்டிலுக்கு ஓர் அளவு. கினபாலுவின் சரிவில் பறக்கும் விட்டிலுக்கு ஓர் அளவு. தமக்கு இட்ட அளவை அவை மீறவில்லை. அளவு கலைந்தபோது, பாவம் செய்யாத அவையே முதலில் இடம்பெயர்ந்தன. அறிவும் வேதமும் தராசும் கொடுக்கப்பட்ட நாம் மட்டும் அளவை மீறிவிட்டு, சிதறிய விட்டில்போல் ஓடும் அந்நாளில் எந்த மலையில் ஏறித் தப்பப் போகிறோம்? அன்று மலையே நிற்காதே!

யா அல்லாஹ்! எங்கள் தராசுகளை நேராக்குவாயாக. நாங்கள் விற்பதிலும் வாங்குவதிலும் பரக்கத் செய்வாயாக. எங்கள் கை குறைத்த பொருளை, உயிர் இருக்கும்போதே உரியவருக்குச் சேர்ப்பிக்கும் துணிவைத் தருவாயாக. நீ சீராக்கிய பூமியைச் சீர்குலைப்பவர்களின் கூட்டத்தில் எங்களையும் எங்கள் மக்களையும் சேர்த்துவிடாதிருப்பாயாக. இறுதி நாளில் எங்கள் நன்மைத் தட்டைக் கனக்கச் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.